தொட்டில் விற்பனைக்கு! வாங்க வருவது யார்?

"அக்கா, கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போக முடியுமா? இவர்கிட்டயும் உங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒண்ணும் சொல்லிடாதீங்க!"

ஒரு புதன்கிழமை மத்தியானம். மோர் மிளகாயை மாடியில் காயப் போட்டுவிட்டு அப்போதுதான் இறங்கி வந்திருந்தேன். போனில் என் ஓர்ப்படியின் குரல் சரியாகவே இல்லை. குழந்தைக்கு ஏதாவது உடம்போ என்று பதறிப்போய், கையில் கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு மாம்பலத்தில் மின்சார ரயிலைப் பிடித்தேன். தாம்பரத்தில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினால், குழந்தை சமர்த்தாக விளையாடிக்கொண்டிருக்கிறது. இவள் முகம்தான் வீங்கிக் கிடந்தது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

விஷயம் இதுதான். பிள்ளைக்கு மூன்று வயசு முடிந்துவிட்டது. அவன் படுத்துப் புரண்ட கட்டில் தொட்டில் அறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. விற்றுவிடலாமே என்று போட்டோ எடுத்து, இன்டர்நெட்டில் பழைய சாமான் விற்கும் ஒரு விளம்பரத் தளத்தில் போட்டாள். விலை 6,500 ரூபாய். போட்டுப் பத்து நிமிஷம் ஆகவில்லை, போன் வந்துவிட்டது.

"மேடம், நான் ராணுவத்தில் இருக்கிறேன். ஆவடிக்கு மாற்றலாகி வருகிறேன். தொட்டில் பிடித்திருக்கிறது. நானே வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன். பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன்." பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி. சீருடையில் எடுத்த போட்டோ, அடையாள அட்டை எல்லாம் வாட்ஸப்பில் வந்து விழுந்தன. ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை!

பிறகு கியூ.ஆர். கோடு வந்தது. காய்கறிக் கடையில்கூட ஒட்டி வைத்திருப்பார்களே, கட்டம் கட்டமாக, அதுதான். "இதை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க மேடம், பணம் உங்க கணக்கில் விழும். முதலில் ஐந்து ரூபாய்க்குப் பரிசோதனை பண்ணிப் பார்ப்போம்" என்றான். ஐந்து ரூபாய் போயிற்று, உடனே பத்து ரூபாய் வந்தது. நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்து 6,500-க்கு ஒரு கோடு. வரவேண்டிய பணம் வரவில்லை, இவள் கணக்கிலிருந்து போய்விட்டது. "ஐயோ, தப்பாகிவிட்டதே! திருப்பி அனுப்புகிறேன்" என்று மறுபடி ஒரு 6,500. "இரண்டையும் சேர்த்து மொத்தமாக அனுப்பிவிடுகிறேன்" என்று ஒரு 13,000. இருபதே நிமிஷத்தில் 26,000 ரூபாய், பையனின் ஸ்கூல் பீஸுக்கென்று சீட்டு எடுத்து வைத்திருந்த பணம், போயே போய்விட்டது.

"படிச்சவ நான், என்னைப் போய் இப்படி ஏமாத்திட்டானே!" இதைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். இது திங்கட்கிழமை நடந்தது. எனக்குப் போன் செய்தது புதன்கிழமை. இந்த இரண்டு நாள் எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைப் பிறகு சொல்கிறேன். "பேர் போடாம எழுதுங்கக்கா, நாலு பேர் தப்பிச்சா சரி" என்று அவளே சொன்னதால்தான் இதை எழுதவே துணிந்தேன்.

பெட்டி எண் காலம்

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா எங்கள் பழைய வால்வு ரேடியோவை விற்பதற்காகப் பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு மவுண்ட் ரோடுக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்து, வார்த்தைகளை எண்ணினார். "நல்ல நிலையில் உள்ள என்பதற்கு 'நன்னிலை' போதும் ஸார், காசு மிச்சம்" என்று யோசனை சொன்னார். "விலாசம் போடவா, பெட்டி எண்ணா?" என்றும் கேட்டார். பெட்டி எண் என்றால், நம் பேரும் விலாசமும் பேப்பரில் வராது. பதில் கடிதங்கள் பேப்பர் ஆபீசுக்கு வரும், அவர்கள் நமக்கு அனுப்பி வைப்பார்கள். கல்யாண விளம்பரம் கொடுக்கும் பெண்ணைப் பெற்றவர்கள் பாதிப் பேர் பெட்டி எண்தான் கேட்பார்கள்.

காசும் கொடுத்து, நாலு நாள் காத்திருந்து, மூன்று வரியில் ஒரு விளம்பரம்! அதற்கு வசதியில்லாதவர்களுக்கு மூர் மார்க்கெட் இருந்தது. 1985-ல் அது தீப்பிடித்து எரிந்தபோது, பழைய புத்தகம் வாங்கப் போனவர்கள் எல்லாம் சொந்த வீடு எரிந்ததுபோல் வருத்தப்பட்டார்கள்.

இந்தச் சங்கதியையே மாற்றியமைத்தவர் ஓர் அமெரிக்கர். சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் இருந்த கிரெய்க் நியூமார்க், 1995-ல் ஊரில் நடக்கும் கூட்டங்கள், நிகழ்ச்சிகளைப் பற்றி நண்பர்களுக்கு ஈமெயிலில் ஒரு பட்டியல் அனுப்ப ஆரம்பித்தார். 'எனக்கு வீடு வாடகைக்கு வேணும், போடுங்களேன்', 'என் சோபாவை விற்கணும்' என்று ஆளாளுக்குக் கேட்க, பட்டியல் நீண்டது. அதுதான் 'கிரெய்க்ஸ்லிஸ்ட்' என்ற இணையதளமானது. பெரும்பாலான விளம்பரங்களுக்குக் காசே கிடையாது. வேலைக்கு ஆள் தேவை என்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் கட்டணம். படம், பகட்டு ஒன்றும் இல்லாத, கையெழுத்துப் பிரதி மாதிரியான பக்கம்!

இதனால் அடி வாங்கியது பேப்பர்காரர்கள்தான். அமெரிக்கச் செய்தித்தாள்களுக்கு 2000-ஆம் வருஷத்தில் வரி விளம்பரத்தால் மட்டும் வந்த வருமானம் சுமார் 1,960 கோடி டாலர். பத்தே வருஷத்தில், 2010-ல், அது சுமார் 560 கோடி டாலராகக் குறைந்துவிட்டது. எல்லாமே கிரெய்க்ஸ்லிஸ்டால் என்று சொல்ல முடியாது. வேலைக்கும் காருக்கும் வீட்டுக்கும் தனித்தனித் தளங்கள் வந்துவிட்டன, 2008-ல் பொருளாதாரமும் படுத்துவிட்டது. ஆனாலும், கிரெய்க்ஸ்லிஸ்ட் வந்ததால் 2000 முதல் 2007 வரை விளம்பரம் கொடுத்த ஜனங்களுக்கு 500 கோடி டாலர் மிச்சம் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். நமக்கு மிச்சமான காசு, பேப்பருக்கு நஷ்டமான காசு. சின்ன ஊர்களில் எத்தனையோ பத்திரிகைகள் மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதால் எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நம் நாட்டில் முதலில் நன்றாக வேரூன்றியது கல்யாண விளம்பரம்தான் என்றால் சிரிப்பீர்கள். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த முருகவேல் ஜானகிராமன் 1997-ல் தமிழர்களுக்காக ஒரு தளம் தொடங்கினார். அதில் மற்ற பகுதிகளைவிட வரன் பார்க்கும் பகுதிக்குத்தான் கூட்டம் கூடியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'பாரத் மேட்ரிமோனி'. நம்மவர்களுக்கு எதில் ஆர்வம் என்று அவர் சரியாகப் புரிந்துகொண்டார்!

சாமான் விற்பதற்கு ஈபே கம்பெனி 2005-ல் 'கிஜிஜி' என்ற தளத்தை இங்கே கொண்டு வந்தது. ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி மொழியில் கிராமம் என்று அர்த்தமாம். அழகான பேர், ஆனால் நம் வாயில் நுழையவில்லை போலும். 2008-ல் அது 'குவிக்கர்' ஆனது. 2006-ல் தொடங்கிய 'ஓ.எல்.எக்ஸ்.' இன்னொரு பக்கம் வளர்ந்தது. 'பேச் தே', அதாவது 'வித்துடு!' என்று டி.வி.யில் அவர்கள் விடாமல் செய்த விளம்பரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பரணில் கிடந்த டேப் ரிகார்டர் முதல் உடற்பயிற்சி சைக்கிள் வரை எல்லாம் கீழே இறங்கின. கேமரா வைத்த போனும், 2016-க்குப் பிறகு மலிவாகக் கிடைத்த இன்டர்நெட்டும் சேர்ந்துகொள்ள, கேட்க வேண்டுமா? பேஸ்புக்கும் அந்த வருஷமே 'மார்க்கெட் பிளேஸ்' என்று ஒரு சந்தையைத் திறந்துவிட்டது.

நடுவில் யாரும் இல்லை

இவ்வளவு கூட்டம் வந்தும் இந்தக் கம்பெனிகள் எல்லாம் கொழித்துவிட்டன என்று நினைக்காதீர்கள். விளம்பரம் இலவசம் என்றால் வருமானம் எங்கிருந்து வரும்? காசு கொடுப்பவரின் விளம்பரத்தை மேலே தூக்கி வைப்பது, கார் வியாபாரிகளிடமும் வீட்டுத் தரகர்களிடமும் சந்தா வாங்குவது என்று ஏதேதோ செய்து பார்த்தார்கள். குவிக்கரின் மதிப்பு 2015-ல் 100 கோடி டாலரைத் தாண்டியதாகப் பேசினார்கள். பிற்பாடு அது சுருங்கிவிட்டது. ஓ.எல்.எக்ஸின் இந்திய வியாபாரத்தை 2023-ல் கார்டிரேட் என்ற கம்பெனி சுமார் 537 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. பழைய கார், ஸ்கூட்டரில்தான் காசு இருக்கிறது, நம் தொட்டிலிலும் மிக்ஸியிலும் இல்லை. அதனால் வண்டி விற்பவருக்கு இருக்கிற சோதனைகளும் வசதிகளும் தொட்டில் விற்கிறவளுக்குக் கிடைப்பதில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பா காலத்தில் அந்தக் கண்ணாடிக்காரர் நடுவில் இருந்தார். விளம்பரத்தை ஒரு மனுஷர் படித்தார். ஏடாகூடமாக இருந்தால் வாங்கிக்கொள்ளவே மாட்டார். இப்போது நடுவில் யாரும் இல்லை. அதனால்தான் காசில்லாமல், காத்திருக்காமல், நினைத்த மாத்திரத்தில் விற்க முடிகிறது. அதனாலேயேதான் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டு உள்ளே வரவும் முடிகிறது. வசதியும் ஆபத்தும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. அந்தக் கவுண்டர்க்காரரின் வேலையை இப்போது நாம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, சம்பளமில்லாமல்!

அப்படியென்றால் தளத்துக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இந்த வழக்கு ரொம்ப நாளாக நடக்கிறது. 2004-ல் பாஸி டாட் காம் என்ற தளத்தில் யாரோ ஒரு மாணவன் ஆபாசப் படம் ஒன்றை விற்பனைக்குப் போட்டதற்காக, அந்தத் தளத்தின் தலைவரையே கைது செய்தார்கள். அதன் பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். நடுவில் இடம் மட்டும் கொடுப்பவர், தம் கடமையைக் கவனமாகச் செய்திருந்தால், அடுத்தவர் போட்ட விளம்பரத்துக்குக் குற்றவாளி ஆகமாட்டார் என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு. 2021-ல் வந்த விதிகள், ஒவ்வொரு தளமும் புகார்களைக் கவனிக்க ஓர் அதிகாரியை வைக்க வேண்டும் என்று சொல்லின. மோசடி விளம்பரத்தைப் பார்த்தால் அந்த அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் பேர் தளத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் இருக்கும்!

அமெரிக்காவிலும் இதே பாடுதான். பெண்களையும் சிறுமிகளையும் வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் அங்கே இந்தத் தளங்களைப் பயன்படுத்தினார்கள். 2018-ல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. உடனே கிரெய்க்ஸ்லிஸ்ட் தன் 'துணை தேவை' பகுதியை மூடிவிட்டது. பேக்பேஜ் என்ற தளத்தை அரசாங்கமே முடக்கியது. சாமான் விற்கப் போய் அடியும் உதையும் பட்டவர்கள், உயிரையே விட்டவர்கள் உண்டு. அங்கே பல ஊர்களில் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே, கேமரா வைத்து, விளக்குப் போட்டு, 'இங்கே கைமாற்றிக்கொள்ளுங்கள்' என்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் ஊரிலும் இப்படி ஒரு மூலை ஒதுக்கினால் என்ன? மகளிர் காவல் நிலையம் வாசலில் ஒரு பெஞ்சு போதுமே!

என் தம்பி விஷயத்தில் வேறு மாதிரி வினை வந்தது. தன் பழைய ஸ்கூட்டரை இப்படித்தான் விற்றான். பணமும் வந்தது, சாவியும் கொடுத்தாயிற்று. "பேர் மாத்திக்கிறேன் ஸார்" என்று வாங்கினவர் சொன்னதோடு சரி. எட்டு மாசம் கழித்து, எங்கோ ஹெல்மெட் போடாமல் போனதற்கு அபராதச் சீட்டு இவன் பேருக்கு வந்தது. அபராதத்தோடு போனதே என்று அம்மா கோயிலுக்குத் தேங்காய் உடைத்தாள். அவள் செய்தது சரிதான். ஆர்.சி. புத்தகத்தில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து நடந்தால் நஷ்டஈடு அவர் தலையில்தான் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆகவே 29-ஆம் நம்பர், 30-ஆம் நம்பர் பாரங்களில் கையெழுத்துப் போட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த வண்டியை மறக்கலாம். விற்ற பதினாலு நாளுக்குள் நாமும் தெரிவிக்க வேண்டும்.

பழைய செல்போன் வாங்குகிறீர்களா? போனில் *#06# என்று அழுத்தினால் பதினைந்து இலக்க எண் ஒன்று வரும். KYM என்பதோடு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அது திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்று பதில் வரும். கிளி விற்பனைக்கு என்று யாராவது போட்டிருந்தால் குழந்தை கேட்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். நம் நாட்டுப் பச்சைக் கிளியை விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீடு வாடகைக்கு என்று வரும் விளம்பரத்தில் ஜோடித்த ஹாலையும் குறைந்த வாடகையையும் பார்த்து, "நிறைய பேர் கேட்கிறாங்க, டோக்கன் அட்வான்ஸ் போட்டுடுங்க" என்றால், வீட்டை நேரில் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் ஒரு பைசா அனுப்பக் கூடாது. அடுத்தவர் வீட்டுப் படத்தைப் போட்டு அட்வான்ஸ் வாங்கி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

குழந்தைச் சாமான் என்றால்...

பத்திரிகை படிக்கிற இளம் தாய்மார்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குழந்தைச் சாமான்களைப் பழசாக வாங்குவது கெட்ட யோசனை இல்லை. ஆறு மாசம் உபயோகித்துவிட்டு ஓரம் கட்டுகிற சாமானுக்குப் புது விலை கொடுப்பானேன்? நம் அம்மாக்கள் காலத்தில் ஒரே தொட்டில் நாலு வீட்டுக்குப் போகவில்லையா? ஆனால் அது யார் வீட்டுத் தொட்டில், எப்போது செய்தது என்று நமக்குத் தெரிந்திருந்தது.

கம்பி வைத்த தொட்டிலானால் இரண்டு கம்பிக்கு நடுவே இடைவெளியைப் பாருங்கள். சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்கேல் இல்லையென்றால், குளிர்பானம் வரும் சாதாரணத் தகர டப்பாவை நுழைத்துப் பாருங்கள். டப்பா நுழைந்தால் குழந்தையின் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரு பக்கக் கம்பியை மட்டும் கீழே இறக்கி ஏற்றுகிற மாதிரித் தொட்டில் இருக்கிறதே, பார்க்க ரொம்ப வசதி. அந்தப் பக்கம் கழன்று, குழந்தைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011-ல் அதை விற்கவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இங்கே இன்னும் பழைய சாமானாக அது கைமாறிக்கொண்டிருக்கும்.

மரத்தொட்டிலில் பழைய பெயின்ட் உரிந்திருந்தால் வேண்டாம். நம் நாட்டில் பெயின்ட்டில் ஈயத்தை மிகக் குறைந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் பூசியதில் எவ்வளவு ஈயம் இருக்குமோ! பல் முளைக்கிற குழந்தை தொட்டில் விளிம்பைக் கடிக்காமல் விடுமா? ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

நடைவண்டி என்று நான் சொல்லும்போது நம் மூன்று சக்கர மர வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் உட்கார வைத்துச் சுற்றிலும் சக்கரம் வைத்த 'வாக்கர்' இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். குழந்தை சீக்கிரம் நடக்கும் என்று வாங்குகிறோம். நடப்பது சீக்கிரம் வராது, மாடிப்படியில் உருள்வதுதான் சீக்கிரம் வரும்! கனடாவில் 2004-லேயே இதற்குத் தடை, பழசைக்கூட விற்கக் கூடாது. தாய்ப்பால் எடுக்கும் பம்ப்பும் அப்படித்தான். ஒருவருக்கென்று செய்ததை இன்னொருவர் உபயோகித்தால், கழுவியும் போகாத பால் உள்ளே தங்கிக் கிருமி சேரும். பழைய மெத்தை என்றால் தையல் ஓரங்களைப் பிரித்துப் பாருங்கள், மூட்டைப் பூச்சி குடும்பத்தோடு குடியிருக்கும். மருந்து, மாத்திரை, பிரித்த பால் பவுடர் டின் எதையும் இப்படி வாங்கவே கூடாது.

அந்த இரண்டு நாள்

என் ஓர்ப்படியிடம் நான் முதலில் கேட்டது, "உடனே 1930-க்குப் போன் பண்ணினியா?" என்றுதான். அப்படி ஒரு நம்பர் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. இணைய வழிப் பண மோசடிக்கென்று நாடு முழுவதும் இருக்கும் நம்பர் அது. போன் செய்து, எந்த வங்கி, எத்தனை மணி, எவ்வளவு தொகை, பரிவர்த்தனை எண் என்ன என்று சொன்னால், பணம் எந்தக் கணக்குக்குப் போயிருக்கிறதோ அங்கேயே நிறுத்தி வைக்க முயற்சி செய்வார்கள். திருடன் அந்தப் பணத்தை உடனே வேறு கணக்குக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று ஓட்டுகிறான். அவன் எடுப்பதற்குள் நாம் தடுக்க வேண்டும். முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம். இவள் நாற்பத்தெட்டு மணி நேரம் அழுதுகொண்டிருந்தாள்.

"திட்டு விழும்னு பயந்தியா?"

"திட்டறதைக்கூடத் தாங்கிப்பேன் அக்கா. 'உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்'னு ஒரு வார்த்தை கேட்டுட்டா? அப்புறம் எதுவும் தனியா செய்ய முடியாதே!"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எத்தனை வீடுகளில் இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து பெண்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்! ஏமாற்றுகிறவனுக்கும் இது தெரியும்.

இவள் மட்டும் ஏமாந்தவள் இல்லை. ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட எச்சரிக்கைப் புத்தகத்திலேயே, சாமான் வாங்குவதுபோல் பேசுகிறவர்கள், ராணுவத்தில் தொலைதூரத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் என்று அச்சு அசலாக இதே கதை இருக்கிறது. பணம் நமக்கு வருவதற்குப் பின் நம்பரும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் பணம் போகிறது என்றுதான் அர்த்தம், எப்போதும். 2025 அக்டோபரிலிருந்து, தனி ஆள் ஒருவர் இன்னொருவரிடம் 'பணம் அனுப்பு' என்று போனிலேயே கோரிக்கை அனுப்பும் வசதியை நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அவள் மாட்டிக்கொண்டது கியூ.ஆர். கோடில், அதில் இன்னும் நம் கண்தான் காவல்.

அன்றைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவள் 1930-க்குப் பேசினாள். சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதிந்தோம். வங்கியில் அந்தப் பெண் அதிகாரி அன்பாகத்தான் பேசினார். ஆனால் பணம் போன கணக்கிலிருந்து திங்கட்கிழமை சாயங்காலமே ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டிருந்தார்கள். ரகசிய எண்ணை வாடிக்கையாளரே போட்டிருந்தால், புகார் கொடுக்கும் வரை ஏற்பட்ட நஷ்டம் வாடிக்கையாளருடையதுதான், அதற்குப் பிறகு போனால்தான் வங்கி பொறுப்பு என்பது 2017-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. அதையும் அவரே எடுத்துச் சொன்னார்.

ராத்திரி என் கொழுந்தனார் வந்ததும் நானே விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேருமா ஓடியிருப்போமே!" என்றார். அவள் பயந்த வார்த்தை வரவில்லை. பீஸ் கட்ட அவருடைய ஆபீஸில் முன்பணம் எடுத்தார்கள். 26,000-ல் இதுவரை ஒரு ரூபாயும் திரும்பவில்லை.

தொட்டில்? அது இரண்டு மாசம் அப்படியே நின்றது. அப்புறம் அவளே, "அக்கா, மறுபடி போடட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு அந்தத் தைரியம் பிடித்திருந்தது. இந்தத் தடவை விலை 5,000, 'நேரில் வந்து பார்த்துப் பணம் கொடுத்து எடுத்துச் செல்லவும்' என்று ஒரு வரி சேர்த்தாள். வீட்டு விலாசத்தைப் போடவில்லை, தெருமுனை மருந்துக் கடையைத்தான் சொன்னாள். ராணுவக்காரர் ஒருவர் மறுபடியும் கூப்பிட்டார். "நேர்ல வாங்க ஸார், காபி தர்றேன்" என்றாளாம். போன் கட்டாகிவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள், ஏழு மாசக் கர்ப்பம், கூடவே அவள் மாமியார். நானும் இருந்தேன். மருந்துக் கடை வாசலில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குள் அழைத்து வந்தோம். மாமியார் தொட்டிலை நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்தார், கம்பிகளுக்கு நடுவே விரல் விட்டு அளந்தார், மூலையில் மூக்கை வைத்துப் பூச்சி வாடை வருகிறதா என்று பார்த்தார். "நாலாயிரத்து ஐநூறு" என்றார். "நாலாயிரத்து எண்ணூறு" என்றாள் என் ஓர்ப்படி. நூறு ரூபாய்க்குக் கால் மணி நேரம் பேரம் நடந்தது. அந்த மாமியார் கடைசியில் சுருக்குப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எச்சில் தொட்டு எண்ணினார்.